நடுக்கட்டை

—அந்தக் காயிதத்த மடிச்சி பாக்கெட்டுலயே வெச்சிகுங்க அண்ணாச்சி. டீ சொல்லிக்கீறேன். குடிச்சிட்டு கெளம்புங்க.

—நீ இன்னும் வாசிக்கவே இல்லியே லெச்சுமி. வாசிச்சிட்டு வேண்டாம்னு சொல்லு. ராயபுரத்துல கடையப் பூட்டிட்டு பதினோரு மணிக்குப் பொறப்பட்டேன். இந்த டோல்கேட்டுக்கு வந்து சேர ஒண்ணரை மணி நேரம். கண்டெய்னர் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுட்டுக் கெடக்கு, கேட்டியா. வேன அங்கனயே விட்டுட்டு மீதித் தூரம் நடந்து வந்திருக்கேன்.

—நடந்தா வந்தீங்க? எட்டு வருசம் ஒங்க கம்பெனில சூப்பர்வைசரா இருந்தேன். நீங்க வெயில்ல நடந்து நான் பாத்ததே இல்ல. அப்பன்னா மேட்டரு பெர்சுதான்.

—பெருசுதான். சுத்தி வளைக்க மாட்டேன். அந்த நடுக்கட்டைய எனக்குக் குடுத்துரு. படம், அளவு, செஞ்சு வச்சிருக்கிற சரக்கு, எல்லாம். இனிமே நீ அதச் செய்யக்கூடாது. அதுக்கு ஒரு தொகை அந்தப் பேப்பர்ல எழுதியிருக்கேன். அதோட நீ நம்ம கம்பெனிக்கே திரும்பி வந்துரு. சூப்பர்வைசரா இல்ல. மேனேசரா.

—வாங்கிகினு போயி இன்னா செய்வீங்க?

—பீரோவுல வச்சுப் பூட்டுவேன். ஒங்கிட்ட என்னத்த மறைக்க.

—தீப்பெட்டி சைசுல ஒரு துண்டு போர்டு. அதுக்கு மேல ஒரு வாயி, கீழ ஒரு பல்லு வரிசை. இத்த பூட்டி வெக்கிறதுக்கு இத்தினி துட்டா?

—தெரிஞ்சுக்கிட்டே கேக்காத. என் பையன் பேர்ல நான் ஒரு டி.வி. கேம் போட்டிருக்கேன். ‘ஜெரின்’. அதுல என் கேசட்டு மட்டுந்தான் ஓடணும். நீ அந்தத் துண்டக் கண்டுபிடிச்சு நடுவுல சொருவுத. அதுக்கு மேல எவன் கேசட்டப் போட்டாலும் ஓடுது. பின்ன என் கேசட்ட எவன் வாங்குவான்?

—நல்லா இருந்தா வாங்குவான்.

—இந்தா பாரு, அப்பிடிப் பேசாத. வியாபாரம்னா என்னன்னு ஒனக்குத் தெரியும். நான் அந்தப் பொட்டிய நட்டத்துக்கு விக்குதேன் லெச்சுமி. நீ செய்யுத ‘மதி’ பொட்டிய விட நூத்தம்பது ரூவா கொறைச்சு. செய்யுத கூலி கூட வராது. கேசட்டுலதான் அதத் திரும்ப எடுக்கணும். வெளிநாட்டுல பெரிய பெரிய கம்பெனிக்காரனே இப்பிடித்தான் பண்ணுதான். பொட்டிய கொறைச்சுக் குடு, உள்ள போடுறத ஆயுசுக்கும் நம்மகிட்டயே வாங்க வை. பர்மா பஜார்ல பத்தாயிரம் ரூவாய்க்கு சி.டி. தட்டு போடுத கேம் மிசின் விக்கான் பாத்தியா, அவனும் அதே கணக்குதான்.

—அவன் புச்சு புச்சா கேம் செஞ்சி தர்றான் அண்ணாச்சி. நீங்க இன்னா செஞ்சீங்க? கேசட்டு மாட்ற எடத்துல பின்னு மாதிரி அறுபது காலு கீது. ஊர்ல கீற அல்லா டி.வி. கேமுக்கும் ஒரே வரிசை. நீங்க அதுல ஆறு கால எடம் மாத்தி வெச்சிட்டீங்க. அவ்ளோதான். வேற கேசட்டப் போட்டா டி.வி.ல கோடு கோடா ஓடுது. அப்பால அதே பழைய கேசட்டுலயும் ஆறு கால மாத்தி, மேல ஜெரின் படத்த ஒட்டி, ரெண்டு பங்கு வெல. தொள்ளாயிரம் கேமுன்னு போட்டுக்கீது. உள்ள பாத்தா பத்து. அந்தப் பத்தே திரும்பத் திரும்ப வருது.

—அது எல்லாவனும் பண்ணுததுதான்.

—நான் பண்றதில்ல. எங்க கேசட்டுல பத்து இருந்தா பத்துன்னு போட்டுக்கீது.

—அதனாலதான் நீ இன்னும் இந்த அரிசிக் கடை மாடியில இருக்க.

—ஆமா. இருக்கேன். காத்து வருது, ரெண்டு ஃபேன் கீது, ஈயம் காய்ச்சுற பொக வெளிய போவ சன்னல் கீது. ஒங்க திருவொத்தியூர் ஷெட்டுல அது இல்ல.

—சரி. சண்டைக்கு வரல. ஒண்ணு மட்டும் கேக்குதேன். அந்த ஆறு காலு எதுன்னு எப்பிடிக் கண்டுபிடிச்ச? படம் போட்டது பெங்களூர்ல ஒரு எஞ்சினியர். அவருக்கு நான் மூணு மாசம் சம்பளம் குடுத்தேன்.

—எங்க ஹவுசிங் போர்டுல கீழ் வூட்டுல லட்சுமணன்னு ஒருத்தர் கீறாரு. ஹார்பர்ல மூட்ட தூக்கறவரு. பொண்ணு எட்டாவது பாஸ் பண்ணிச்சின்னு போனசு துட்டுல ஒங்க பொட்டி வாங்கினு வந்தாரு. கூட குடுத்த ஒரு கேசட்டு ஒரே வாரத்துல பூட்ச்சி. அடுத்த கேசட்டு வெலயக் கேட்டுட்டு பொட்டிய பரண் மேல போட்டுட்டாரு. பக்கத்து வூட்டுல சும்மா குடுத்த கேசட்டு கூட அதுல ஏறல. ஒரு நாளு எங்கிட்ட இட்டாந்து வெச்சாரு. நீ வேல செஞ்ச கம்பெனிதானம்மா, இது இன்னா ஏமாத்து வேலன்னு பாருன்னாரு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல.

—அதுக்கு?

—நாலு நாளு. மீட்டர வெச்சிகினு ஒவ்வொரு காலா தொட்டு தொட்டு பாத்தேன். நல்ல கேசட்டு ஒரு பக்கம், ஒங்க கேசட்டு ஒரு பக்கம். அறுபதும் எழுதுனேன். அம்பத்திநாலு ஒத்துப் போச்சி. ஆறு ஒத்துப் போல. எஞ்சினியரு வோணாம் அண்ணாச்சி. பொறும இருந்தா போதும். அஞ்சாவது நாளு லட்சுமணன் பொண்ணு டி.வி. முன்னாடி குந்திகினு வெளாடுச்சி. அவரு போயி எனக்கு கால் கிலோ நேந்திரங்கா சிப்ஸ் வாங்கினு வந்து குடுத்தாரு.

—ஒரு பொண்ணுக்காக ஆரம்பிச்சது, இப்ப ஒரு நாளைக்கு அம்பது கட்டை போவுதாமே.

—கேட்டாங்க. செஞ்சோம். அப்பால நீங்கதான எங்களுக்கு பெர்சா வெளம்பரம் போட்டீங்க. ‘போலிக் கட்டையைப் பயன்படுத்தினால் உங்கள் டி.வி. எரிந்துவிடும்’னு நோட்டீஸ் அடிச்சி கடைக்குக் கட ஒட்டுனீங்களே.

—அது என் மச்சான் யோசனை.

—யார் யோசனையோ. ரெண்டு நாளு ஒரு கட்ட கூட போவல. பொம்பளைங்க எங்கிட்ட வந்து, ஏம்மா, தவண கட்டி வாங்குன டி.வி. போயிடுமான்னு கேட்டாங்க. எனக்கு தூக்கமே இல்ல. மூணாவது நாளு எங்க வூட்டு டி.வி.யத் தூக்கினு வந்து, கீழ அரிசிக் கட வாசல்ல பெஞ்சு போட்டு வெச்சேன். ஒங்க பொட்டி, எங்க கட்ட, மேல வேற எவனோ ஒருத்தன் கேசட்டு. காலைல எட்டு மணிக்கு போட்டா ராத்திரி எட்டு மணிக்குத்தான் அணைப்போம். மூணு நாளு. போற வர்றவங்க அல்லாம் நின்னு ஆடினாங்க. பஸ் கண்டக்டரு ஒருத்தரு வண்டிய நிறுத்திட்டு ஒரு ஆட்டம் ஆடிட்டு போனாரு. ஒங்க ஆளு ஒருத்தரு கூட ரெண்டு நாளா எதிர்ல டீக்கடைல குந்திகினு டி.வி. எப்ப எரியும்னு பாத்துகினு இருந்தாரு. மூணாவது நாளு அவரே வந்து ஆடுனாரு.

—தெரியும். வந்து சொன்னான். அன்னைக்கே நான் ஒங்கிட்ட வந்திருக்கணும். சரி, கேளு. இப்ப நான் சொல்லப் போறது ஒனக்குக் கசக்கும். ஒன் ‘மதி’க்கு மேல் கூடு ஊத்திக் குடுக்கானே, திருவொத்தியூர் கிருஷ்ணப்பன், பிளாஸ்டிக்குக்காரன். அவன் மிசின் ரெண்டையும் ஒரு வருசத்துக்கு நான் எடுத்தாச்சு. இனிமே ஒனக்கு ஒரு கூடு கூட ஊத்த மாட்டான்.

—திங்கக்கெழமையே சொல்லிட்டாரு. மூஞ்சிய பாக்காம சொன்னாரு, பாவம்.

—கடைக்காரங்களும் அப்பிடித்தான். ராயபுரத்துலருந்து மீஞ்சூர் வரைக்கும் ஃபேன்சி ஸ்டோர், எலக்ட்ரானிக்ஸ் கடை எல்லாத்துலயும் பேசியாச்சு. ‘மதி’ய அலமாரியில வச்சா ‘ஜெரின்’ வராது. முழுப்பரீட்ச லீவுக்கு எது ஓடும்னு அவனுவளுக்குத் தெரியும். ஒத்துக்கிட்டானுவ. வெள்ளிக்கிழமை பரீட்ச முடியுது. சனிக்கிழமை ஒன் பொட்டி வாங்க ஒரு கடை கெடையாது. நான் மெரட்டல. நெலவரத்தச் சொல்லுதேன்.

—மெரட்டறதுதான் அண்ணாச்சி. இன்னா, மரியாதயா மெரட்டறீங்க.

—ஒங்கூட ஏழு பொம்பளைங்க இருக்காங்க. அவங்கள நெனச்சுப் பாரு.

—நெனச்சிகினுதான் கீறேன். அந்த டம்ளர வெக்க எடம் தேடறீங்களா? தோ, அந்தப் பொட்டி மேல வையிங்க.

—டீ எப்ப வந்துச்சு? பேச்சுவாக்குல பாக்கவே இல்ல. இது என்ன பொட்டி, தகரம்?

—திருவொத்தியூர் கிருஷ்ணப்பன் கைய விரிச்ச அன்னிக்கே மூலக்கொத்தளத்துல டிரங்கு பொட்டி செய்யறவங்ககிட்ட போனேன். அளவு குடுத்தேன். உள்ளாற அட்ட வெச்சி ஒட்டி, மேல நீலப் பெயிண்டு. அதான் இப்ப ‘மதி’. மூணு ஸ்க்ரூ கயட்டுனா யாரு வோணும்னாலும் தொறந்து ரிப்பேர் பண்ணலாம். கொயந்த மேலேந்து போட்டா ஒடயாது. தூக்கிப் பாருங்க, ஓட்டி காட்டட்டுமா?

—வேண்டாம். நீ சொன்னா ஓடும். எப்பவுமே நீ சொன்னா ஓடும். அதனாலதான லெச்சுமி வந்திருக்கேன். நீ இருந்த வரைக்கும் என் லைன்ல நூத்துக்கு மூணு பொட்டி திரும்பி வரும். இப்ப இருவது வருது.

—ஆள மரியாதயா வெச்சிருந்தா வராது.

—கேளு. எங்கிட்ட இப்ப பத்தாயிரம் பொட்டி அடைச்சு வச்சிருக்கு. எண்ணூர் ரோட்டு குடோன்ல கூரை வரைக்கும். எல்லாம் அந்த ஆறு காலு மாத்துனது. நாசரேத்துலருந்து ஒத்தப் பையோட இந்த ஊருக்கு வந்தவன் நான். மொத ரெண்டு வருசம் சபையில பாய் விரிச்சுப் படுத்தேன். முப்பது வருசமாச் சேத்ததெல்லாம் அந்தக் குடோனுக்குள்ள இருக்கு. இந்த ஒரு லீவுல அது போவணும், அதுக்குப் பின்னால கேசட்டு போவணும். நீ ஒருத்தி நாளைக்கு அம்பது கட்டை செஞ்சா நான் தாங்குவேன். ஆனா ஒன்னப் பாத்து இன்னொருத்தன், அவனப் பாத்து இன்னொருத்தன்னு ஆரம்பிச்சான்னா, நான் முடிஞ்சேன். அதனாலதான் இன்னைக்கே கேக்குதேன். தொகை பத்தலைன்னா சொல்லு. கூட்டி எழுதுதேன்.

—துட்டு மேட்டரு இல்ல அண்ணாச்சி.

—வேற என்ன? ஒன் கூட வந்தவங்களுக்கும் வேலை தாறேன். எல்லாத்துக்கும். இங்க என்ன சம்பளம் குடுக்கியோ அதுல பாதி கூட சேத்து.

—பூவக்கா, அங்க நிக்காத. வந்து இப்பிடி குந்து. அண்ணாச்சி, இவங்கள தெரியுதா?

—தெரியாம என்ன? பூவம்மா. புளியந்தோப்பு. காலு ஒட்டுத டேபிள்ல மொத ஆளு. டீ நீதான் கொண்டு வச்சியா? சொகமா இருக்கியாம்மா?

—கீறேன் மொதலாளி.

—மொதலாளின்னு சொல்லாத பூவக்கா. இங்க அந்த மாதிரி ஆளு யாரும் கெடயாது.

—வாயில வந்துட்ச்சி லெச்சுமி. ஒம்போது வருசம் கூப்ட்ட வாயி. சட்டுனு போவாது.

—அண்ணாச்சி வேல தர்றாராம். அல்லாருக்கும். பாதி சம்பளம் கூட சேத்து. இன்னா சொல்ற?

—நான் இன்னா சொல்றது. நீங்க ரெண்டு பேரும் பேசிகுங்க. போர்டு கழுவற சோப்புத் தண்ணி அடுப்புல கீது.

—அடுப்பு இருக்கட்டும். தொண்ணூத்தெட்டுல அந்த வெள்ளிக்கிழமை இன்னா நடந்திச்சின்னு சொல்லு. இவரு பேப்பர்ல தொக எழுதிகினு வந்துக்கீறாரு. எதுக்கு நாம வெளிய வந்தோம்னு அதுல எழுதல.

—லெச்சுமி, பழச எதுக்கு இப்ப? மூணு வருசம் ஆச்சு.

—மூணு வருசமா நாங்க எட்டு பேரு அத்தப் பத்தி பேசுனதில்ல அண்ணாச்சி. வேல செய்யும்போது பேசுனா ஈயம் எடம் தப்பி ஒட்டுது. இன்னிக்கி நீங்களே வந்துக்கீறீங்க. பூவக்கா சொல்லட்டும்.

—ஆடி வெள்ளி மொதலாளி. தலைக்கு குளிச்சிட்டு ஈர முடிய அப்பிடியே கொண்ட போட்டுகினு வேலைக்கு வந்தேன். சாயங்காலம் மணி அடிச்சி அல்லாரும் கேட்டாண்ட வந்தோம். நானூறு சிப்பு காணோம்னு வாச்மேன் சொன்னாரு. லைன்ல நாப்பது பொம்பளைங்க கீறோம். ஆமா, நாப்பது. அதுல வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆளுங்க ஏழு பேரு மட்டும் இந்தப் பக்கம் நில்லுங்கன்னு நீங்க சொன்னீங்க. மத்தவங்க வூட்டுக்கு போலாம்னீங்க.

—வாச்மேன் அப்பிடிச் சொன்னான். அவன் சொன்னதக் கேட்டுதான் நான்.

—வாச்மேன் கைய நீட்டல மொதலாளி. நீங்கதான் நீட்டுனீங்க. டிபன் பொட்டியக் கவுத்து பாத்தீங்க. சோத்துப் பருக்க தரைல கொட்டிச்சி. அப்பால கொண்டய அவுருன்னு சொன்னீங்க. நான் மொதல்ல அவுக்கல. ஈர முடின்னு சொன்னேன். அவுருன்னு ரெண்டாந்தபா சொன்னீங்க. அவுத்தேன். மாராப்ப ஒதறுன்னீங்க. லோடு ஏத்தற ஆம்பளைங்க ஒம்போது பேரு லாரிகிட்ட நின்னுகினு இருந்தாங்க. அதுல ஒருத்தன் எங்க தெருக்காரன். அவன் மட்டும் திரும்பிகினான்.

—அதோட நிறுத்து பூவக்கா. போதும். அடுத்தது நான் சொல்றேன். அடுத்த ஆளு முடிய அவுக்கறதுக்கு என்ன கூப்ட்டீங்க அண்ணாச்சி. பொம்பள கைதான, நீ பாருன்னு சொன்னீங்க. ஞாபகம் கீதா?

—இருக்கு.

—நான் எட்டு வருசம் ஒங்க சாவிய இடுப்புல சொருவிகினு இருந்தவ. ஸ்டோர் ரூம் சாவி. அத்த எடுத்து ஒங்க மேச மேல வெச்சேன். அவங்க ஏழு பேரும் நானுமா நடந்தோம். திருவொத்தியூர்லேந்து வியாசர்பாடி வரைக்கும் நடந்தோம், பஸ்ஸு ஏறல. தண்டயார்ப்பேட்ட தாண்டும்போது பூவக்காதான் மொதல்ல பேசுனாங்க. அந்த போர்டு நம்மளே செய்ய முடியாதான்னு கேட்டாங்க. அவ்ளோதான் எங்க கம்பெனி ஆரம்பிச்ச கதை.

—நான் அன்னைக்குக் கோவத்துல இருந்தேன். நானூறு சிப்பு. அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய அடின்னு ஒனக்கே தெரியும்.

—அந்த சிப்பு எங்க போச்சின்னும் எனக்குத் தெரியும். சரக்கு குடுக்கற ரஹீம் பாய் போன வருசம் எங்களுக்கும் குடுக்க ஆரம்பிச்சாரு. அவருதான் சொன்னாரு. சிப்பு வந்த பொட்டிலயே ஒரு அட்ட கம்மி. மூணாவது நாளே அவரு ஒங்க கடைக்கு வந்து, என் ஆளு பண்ண தப்பு அண்ணாச்சின்னு சொல்லி, நானூறும் எண்ணிக் குடுத்துட்டு போயிக்கீறாரு. மூணாவது நாளு. அப்பால மூணு வருசம். எங்க வூடு எங்க கீதுன்னு ஒங்களுக்குத் தெரியும். வேன்ல வந்தா கால் மணி நேரம்.

—வந்து என்ன சொல்லுவேன் லெச்சுமி? ஒரு மொதலாளி ஹவுசிங் போர்டு படியேறி வந்து தப்புன்னு சொன்னா, அடுத்த நாளு மத்த முப்பத்திமூணு பேரும் என்ன மதிப்பாங்களா? அப்பிடித்தான் அன்னைக்கு நெனச்சேன்.

—இப்ப இன்னா நெனக்கிறீங்க?

—பூவம்மா.

—சொல்லுங்க மொதலாளி.

—அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. ஒம்மேல ஒரு குத்தமும் கெடையாது. ஏழு பேர் மேலயும் கெடையாது. மூணாம் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, மகிமான்னு. காலேசுக்குப் போறா. அவ தலை சீவும்போது சில நாளு எனக்கு ஒன் மொகம் நெனப்பு வரும். எந்திரிச்சு வெளிய போயிருவேன். மன்னிச்சுக்கோம்மா.

—கேட்டுகினேன் மொதலாளி.

—வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?

—இன்னா சொல்றது. மூணு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைய காய வெச்சிட்டுத்தான் வெளிய வர்றேன். இனிமே ஈரத்தோட வர முடியுதான்னு பாக்கறேன்.

—லெச்சுமி, ஒனக்கு வேண்டியது இதுதான? சொல்லிட்டேன். இந்தா, பேனா. ரெண்டு எடத்துல போட்டாப் போதும்.

—அதுக்குத்தான் சொன்னீங்களா மொதலாளி?

—பூவம்மா, நான் பொய் பேச மாட்டேன். மனசாரவும் சொன்னேன். வியாபாரத்துக்காகவும் சொன்னேன். ரெண்டுந்தாம்மா. இன்னைக்கு எனக்கு வேற வழி இல்ல. சனிக்கிழமை கடை தொறக்கும்போது அந்தக் கட்டை இந்த ஊர்ல இருக்கக்கூடாது.

—சரி அண்ணாச்சி. ரெண்டுந்தான்னு மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்காக நானும் மறைக்கல. பேனாவ உள்ள வையிங்க. வாங்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

—என்ன சொல்லுத? யாருக்கு வித்த? அந்த பெங்களூர்க்காரனுக்கா? எவ்வளவுக்கு? நான் அதுக்கு மேல தாறேன்னு சொல்லு அவன்கிட்ட.

—யாருக்கும் விக்கல. திங்கக்கெழமை கிருஷ்ணப்பன் கைய விரிச்சாரு. செவ்வாக்கெழம கடைக்காரங்க ஒவ்வொருத்தரா சரக்க திருப்பி அனுப்ச்சாங்க. அன்னிக்கி எட்டு பேரும் இங்க தரைல குந்திகினு பேசுனோம். கட்டைய எத்தினி நாளு நாம பிடிச்சி வெச்சிகினு இருக்க முடியும்? நீங்க இன்னொரு ஆறு கால மாத்துவீங்க. நாம இன்னொரு கட்ட செய்வோம். அம்பது செய்யற நம்மள ஒருத்தர் அமுக்கிடலாம். அமுக்க முடியாத மாதிரி இன்னா பண்ணலாம்னு பேசுனோம். எங்களுக்கும் நஷ்டந்தான் அண்ணாச்சி. எங்க சோத்துல பாதி அந்தக் கட்டைலேந்துதான் வந்துகினு இருந்திச்சி. இனிமே தகரப் பொட்டி மட்டுந்தான். அத்த விக்க ஃபேன்சி கட வோணாம். வேற கடைங்க ஒத்துகினாங்க.

—எந்தக் கடை? நான் பேசாத கடை எது இருக்கு? பூவம்மா, நீயாவது சொல்லு. என்ன பண்ணினீங்க?

—நடந்தோம் மொதலாளி. மூலக்கொத்தளத்துலேந்து மீஞ்சூர் வரைக்கும் டி.வி. ரிப்பேர் கட ஒண்ணு உடல, ரெண்டு நாளா எட்டு பேரும் பிரிஞ்சி போயி, ஆறு காலும் எங்கேந்து எங்க போவுதுன்னு படம் போட்டு தமிழ்ல அச்சடிச்ச காயிதத்த யாரு வோணும்னாலும் கட்ட செஞ்சிகுங்கன்னு துட்டு வாங்காம குடுத்துட்டு வந்தோம், ஒங்க ராயபுரம் சர்வீஸ் கடைல மட்டும் ஒண்ணு போதாதுன்னு ரெண்டு வாங்கிகினாங்க.